மறுக்கும் வளையம்

மெக்சிகோவில் டாஸ்கோ என்று ஓர் ஊர். வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த மலையூர். வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்றாக ஏறி நிற்க, நடுவே கல் பாவிய குறுகலான தெருக்கள் வளைந்து வளைந்து ஏறும். இந்தத் தெருக்களில் டாக்சியாக ஓடிப் பெயர் வாங்கியவை வெள்ளை நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள். மெக்சிகோக்காரர்கள் இந்தக் காரைச் செல்லமாக 'வோச்சோ' என்பார்கள்.

அப்படி ஒரு வளைவில் பழைய வோச்சோ ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே திருப்பில் வண்டி திரும்பவில்லை. முன்னால் மூன்றடியில் சுவர். கொஞ்சம் பின்னால் எடுத்தாக வேண்டும். ஓட்டுநர் கியர் லிவரைக் கீழே அழுத்தி, இடப்பக்கம் தள்ளி, பின்னால் இழுக்கிறார். பீட்டிலில் ரிவர்ஸ் விழ இந்த மூன்றும் சேர வேண்டும். ஏதோ ஒரு கியர் விழுந்தது கைக்குத் தெரிகிறது. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் பாய்கிறது. விழுந்தது இரண்டாவது கியர். ரிவர்ஸும் இரண்டாவதும் அடுத்தடுத்த வீடுகள். கை கதவு மாறித் தட்டிவிட்டது.

"கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்பதுதான் இந்த நேரத்தில் வாயில் வரும் முதல் பேச்சு. ஊருக்கு ஊர் மொழி மாறலாம், இந்தப் பேச்சு மாறாது. கியர்பாக்ஸைப் பாவம் யாரும் நேரில் பார்ப்பதில்லை. பார்க்காததன் மேல் பழி போடுவது எளிது. ஆனால் பழைய வண்டிகளில் பெரும்பாலான நேரம் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கும். குற்றவாளி, சில கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் வளையம். பட்டறைகளில் அதற்குப் பெயர் புஷ்.

பீட்டிலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அதன் என்ஜின் பின்னால். கியர்பாக்ஸும் பின்னால், பின்சீட்டுக்குக் கீழே தொடங்குகிறது. ஓட்டுபவரோ முன்னால். இரண்டுக்கும் நடுவே, காரின் தரையில் முதுகெலும்புபோல ஓடும் இரும்புக் குழல் ஒன்று உண்டு, டனல் என்பார்கள். அதற்குள் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி கிடக்கிறது. இதுதான் கியர் ராடு. முன்முனையருகே கியர் லிவரின் அடிக்குண்டு இதன் கிண்ணத்தில் உட்காரும். பின்முனையை ரப்பர் வைத்த ஓர் இணைப்பான் கியர்பாக்ஸின் தண்டோடு சேர்க்கும். 1938-இல் தொடங்கி 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவரும்வரை, 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் உருவாயின. ஒவ்வொன்றிலும் ஓட்டுநரின் கை, தொலைவிலிருக்கும் பல்சக்கரங்களோடு இந்தக் கம்பி வழியாகத்தான் பேசியது.

என்ன பேசியது? இரண்டே சொற்கள். லிவரை முன்னும் பின்னும் தள்ளினால் ராடு நீளவாக்கில் நழுவும். இடமும் வலமும் தள்ளினால் ராடு தன் அச்சில் சற்றுச் சுழலும். எந்த வரிசையைத் தொடுவது என்பதைச் சுழற்சி சொல்கிறது: ஒன்று-இரண்டா, மூன்று-நான்கா, ரிவர்ஸா. அந்த வரிசையில் எந்தப் பக்கம் என்பதை நழுவல் சொல்கிறது. நழுவு, சுழல். இந்த இரண்டு கட்டளைகளுக்குள் ஐந்து கியர் நிலைகளும் அடங்கிவிடும்.

இங்கேதான் புஷ்ஷின் உண்மையான வேலை தெரியும். புஷ் என்றால் உராய்வைக் குறைக்க வைத்த பொருள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதிதான்.

வெளியில் மிதக்கும் எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு வகை அசைவுகள் உண்டு. முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று நகர்வுகள். அந்த மூன்று அச்சுகளில் மூன்று சுழற்சிகள். ஜெர்மானியப் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ரூலோ 1875-இல் வெளியிட்ட இயந்திர அசைவியல் நூலில், இயந்திரம் என்பதையே புதிய கண்ணோடு பார்த்தார். இயந்திரத்தை ஆக்குவது அதன் உறுப்புகள் செய்யும் அசைவுகள் மட்டும் இல்லை. அவற்றுக்கு விடாமல் தடுக்கப்பட்ட அசைவுகளும்தான். இரண்டு உறுப்புகள் சேரும் ஒவ்வோர் இணையும் எந்த அசைவை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். இதைக் கையால் தொட்டு அறிய நூற்றுக்கணக்கான உலோக மாதிரிகளையும் செய்தார். அவற்றில் 200-க்கும் மேற்பட்டவை இன்றும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

வட்டத் துளைக்குள் உருண்டைக் கம்பி, அப்படி ஓர் இணை. துளை கம்பியை இறுக்கமாகப் பிடித்திருந்தால் கம்பிக்கு இரண்டே சுதந்திரம்தான் மிச்சம்: நழுவலாம், சுழலலாம். மேலே போகாதே, கீழே போகாதே, பக்கத்தில் சாயாதே என்று மற்ற நான்கையும் துளை மறுத்துவிடுகிறது. பீட்டிலின் டனலுக்குள், கியர் லிவர் நிற்கும் இடத்துக்கருகில், உள்ளே பற்றவைத்த இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதற்குள் செருகிய பிளாஸ்டிக் புஷ் வழியாக ராடு போகிறது. ஆக, புஷ்ஷின் தொழில் மறுப்பு. தேய்மானம் என்பது, மறுக்கப்பட்ட நான்கு அசைவுகளும் ஒவ்வொரு நூலிழையாகத் திரும்பி வருவது.

அவை திரும்பி வந்தால் என்ன ஆகும்? கியர் லிவர் ஒரு நெம்புகோல். பிடியிலிருந்து சுழலும் இடம்வரை 28 சென்டிமீட்டர், அதற்குக் கீழே 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கை நான்கு பங்கு நகர்ந்தால் அடிமுனை ஒரு பங்கு நகரும். புஷ்ஷில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்துவிட்டது. இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். சுழல வேண்டிய ராடு, சுழலாமல், முதலில் அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. உங்கள் கையின் 8 மில்லிமீட்டர் வீண். அதற்குப் பிறகுதான் சுழற்சியே தொடங்கும். ரிவர்ஸ் இருப்பதோ சுழற்சியின் கடைசி எல்லையில். அதனால்தான் புஷ் தேய்ந்த வண்டியில் முதலில் தொலைவது ரிவர்ஸ். மற்ற நான்கும் ஏதோ விழுந்துகொண்டிருக்கும். போதாததற்கு, 1961 மாடலில் நான்கு முன்கியர்களுக்கும், பற்கள் மோதாமல் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் வந்துவிட்டது, ரிவர்ஸுக்கு வரவில்லை. அங்கே ஒரு பல்சக்கரமே நகர்ந்து போய்ப் பல்லோடு பல் கோக்க வேண்டும். அரைகுறையாகப் போனால் கறகறவென்று கடிக்கும்.

நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் லிவரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். இடம்-வலமாகக் கொழகொழவென்று ஆடினால் சந்தேகம் பெரும்பாலும் புஷ் மேல். முன்-பின்னாக ஆடினால் பின்னாலிருக்கும் இணைப்பானின் ரப்பர் மேல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் டனலுக்குள் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்து, லிவரைக் கையால் பிடித்ததும் நின்றுவிட்டால், அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பிளாஸ்டிக் முழுதும் போய் இரும்பு இரும்பைத் தொடுகிறது.

இந்த வளையம் ஏன் தேய்கிறது என்று கேட்டால், கியர் போட்டுப் போட்டுத்தான் என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தேய்மானத்துக்கு ஒரு விதி உண்டு. இங்கிலாந்தின் ஜே.எஃப். ஆர்ச்சர்ட் 1953-இல் அதை எழுதினார். தேய்ந்து போகும் பொருளின் கன அளவு, அழுத்தும் எடைக்கும் உரசிய தூரத்துக்கும் நேர்விகிதம். பொருளின் கடினத்துக்குத் தலைகீழ் விகிதம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆர்ச்சர்ட் எறும்பின் எடையையும், அது நடந்த தூரத்தையும், கல்லின் உறுதியையும் ஒரே சமன்பாட்டில் உட்கார வைத்தார்.

அந்தச் சமன்பாட்டில் இல்லாத ஒன்றும் கவனிக்கத்தக்கது. தொடும் பரப்பு அதில் வராது. புஷ்ஷை அகலமாகச் செய்தாலும் தேயும் மொத்த அளவு அதேதான், இன்னும் மெல்லிய படலமாகப் பரவித் தேயும், அவ்வளவே. காரணம் புரிய, புதிதாகக் கொத்திய இரண்டு அம்மிக்கற்களை முகத்துக்கு முகம் வைத்ததாக நினைத்துப் பாருங்கள். பார்வைக்குக் கல் முழுதும் கல்லைத் தொடுகிறது. உண்மையில் தொடுவது சில மேடுகள் மட்டும். வழவழப்பான இரும்பும் நைலானும் நுண்ணோக்கிக்கு இப்படித்தான் தெரியும். எடை கூடினால் அதிக மேடுகள் நசுங்கித் தொடும். எனவே உண்மையில் தொடும் பரப்பைத் தீர்மானிப்பது எடைதான். வெளியே தெரியும் அகலம் வெறும் தோற்றம்.

இனி ராடு நடக்கும் தூரம். நகரப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 200 முறை கியர் மாற்றுவதாக வைப்போம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ராடு 25 மில்லிமீட்டர் நழுவினால், மணிக்கு 5 மீட்டர். அவ்வளவுதானா என்று தோன்றுகிறது இல்லையா? ஆனால் கை சும்மா இருக்கும்போதும் என்ஜின் சும்மா இருப்பதில்லை. பீட்டிலின் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 850 சுற்றில் ஐடிலில் நிற்கும் வண்டியில் நொடிக்கு 28 துடிப்பு. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக ரப்பர் மெத்தைகள் மேல் உட்கார்ந்து நடுங்குகின்றன; அந்த நடுக்கம் ராடு வழியாக முன்னால் வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ராடு புஷ்ஷுக்குள் போக 0.1, வர 0.1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும். மணிக்கு 20 மீட்டர். இரண்டையும் கூட்டி, ஆண்டுக்கு 300 மணி நேரம் வண்டி ஓடினால், இருந்த இடத்தைவிட்டு நகராமலே ராடு ஏழரை கிலோமீட்டர் நடந்துவிடுகிறது.

கியர் மாற்றும்போது கையின் அழுத்தம் அதிகம், தூரம் குறைவு. நடுங்கும்போது தூரம் அதிகம், அழுத்தம் ராடின் சொந்த எடை மட்டும். இங்கே நான் எடுத்த எண்கள் உத்தேசம்தான், ஆனால் அவை ஒரு பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஓட்டும்போது இடக்கையையோ வலக்கையையோ கியர் லிவர் மேல் சாய்த்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சிலருக்கு அது ஸ்டைல், சிலருக்கு ஓய்வு. அவர்கள் கை எடையைத் தருகிறது, என்ஜின் தூரத்தைத் தருகிறது. ஆர்ச்சர்டின் சமன்பாட்டில் பெருக்க வேண்டிய இரண்டும் ஒன்றாகக் கிடைத்துவிட்டன.

தூசியையும் சேர்க்க வேண்டும். தெருத்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் சாதாரண எஃகைவிடக் கடினமானது. டனலுக்குள் நுழைந்த தூசி கிரீஸில் ஒட்டிக்கொண்டால் கிரீஸ் உரசுபசையாக மாறிவிடும். இதில் வினோதம் என்னவென்றால், மணல்துகள் மென்மையான பொருளில் புதைந்துகொண்டு கடினமான பொருளை அரைக்கும். நெடுநாள் தேய்ந்த பழைய புஷ்ஷைக் கழற்றும்போது, அது தொட்ட இடத்தில் ராடின் இரும்பிலும் பளபளவென்று ஒரு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். புது புஷ் போட்டும் ஆட்டம் முழுதாகத் தீராத வண்டிகளில் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் பிளாஸ்டிக்? 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு நைலான் 66-ஐ உருவாக்கியது. மூன்றே ஆண்டில், 1938-இல், ஜெர்மனியில் பவுல் ஷ்லாக் வேறு வழியில் நைலான் 6-ஐச் செய்துவிட்டார். இரண்டும் முதலில் பேர் வாங்கியது இழையாக, பெண்களின் காலுறையாக. நசுங்கித் தேயும் சின்ன இயந்திர உறுப்பாக அவை ஆற்றிய பணிக்கு அந்தக் கவர்ச்சி கிடைக்கவில்லை. நைலான் இரும்போடு உரசும்போது தன் மேல்தோலை மிக மெல்லிய படலமாக இரும்பின் மேல் பூசிவிடும். பிறகு உரசுவது நைலானும் நைலானும். தன் மசகைத் தானே கொண்டுவரும் பொருள். நடுக்கத்தைச் சற்று விழுங்கவும் செய்யும். தேய வேண்டிய நேரம் வந்தால், விலை அதிகமான ராடுக்குப் பதில் தான் தேய்ந்துகொள்ளும்.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு, தண்ணீர். நைலானின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறு நடுவில் புகுந்து அந்தக் கைகளை விலக்கிவிடும். நீரில் முழுதும் ஊறினால் நைலான் தன் எடையில் 8 முதல் 10 சதவீதம் வரை நீரை ஏற்று, கொஞ்சம் உப்பவும் செய்யும். பீட்டில்கள் இன்றும் ஓடும் கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. லேத்துப் பட்டறையில் நைலான் கட்டையைக் கடைந்து, ராடுக்கு மயிரிழை இடைவெளி மட்டும் விட்டு புஷ் செய்து வாங்கினால், கோடையில் வெண்ணெயாகப் போகும் கியர் மழைக்காலத்தில் அடம்பிடிக்கலாம். அசிட்டால் என்ற வேறு பிளாஸ்டிக் முழுதும் ஊறினாலும் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் நீரை ஏற்கும். கடைசலுக்கு அது மேல்.

பித்தளையில் புஷ் கடைந்து போட்டால் ஆயுசுக்கும் தேயாது என்று அடித்துச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேயாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தத் தேய்மானம் எங்கே போகும்? புதைந்த மணலோடு பித்தளை ராடை அரைக்கும். நடுக்கம் வடிகட்டாமல் நேரே உள்ளங்கைக்கு வரும். இணைப்பானில் ரப்பருக்குப் பதில் விறைப்பான பாலியூரித்தேன் போடுபவர்களுக்கும் இதே பேரம்தான். கியர் கச்சிதமாக விழும், கூடவே கியர்பாக்ஸின் முனகலும் காருக்குள் வந்து உட்காரும். பந்தயக்காருக்குச் சரி. டாஸ்கோவின் டாக்சிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாற்றும் வேலைக்கு வருவோம். 1969-இல் ஜான் மியூர் என்ற அமெரிக்கர், ஃபோக்ஸ்வேகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று ஒரு பழுதுபார்ப்பு நூல் எழுதினார். ஸ்பேனரே பிடித்தறியாதவர்களைக் காருக்கடியில் படுக்க வைத்த நூல் அது. அவர் காலத்திலிருந்து இன்றுவரை புஷ் மாற்றும் முறை மாறவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, டனல் மேலிருக்கும் இரண்டு போல்ட்டுகளை 13-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினால் லிவர் கையோடு வந்துவிடும். அதனடியில் ஒரு தட்டு இருக்கும். அழுத்தாமல் ரிவர்ஸ் விழக்கூடாது என்று தடுக்கும் தட்டு அது. எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளாதவர்கள் அரைமணி நேரம் கழித்து வருந்துவார்கள்; திருப்பிப் போட்டால் ரிவர்ஸ் வரவே வராது, அல்லது வேண்டாத நேரத்தில் வரும்.

அடுத்து பின்சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் இணைப்பான் தெரியும். அதன் சதுரத்தலை போல்ட்டு கழன்றுவிடாமல் கம்பி கட்டியிருப்பார்கள். கம்பியை வெட்டி, போல்ட்டைத் தளர்த்தி, ராடை விடுவித்து, லிவர் துளை வழியாகப் பிளையரால் பிடித்து நகர்த்தி, புஷ் இருக்கும் வளையத்தைக் காலியாக்க வேண்டும். ராடையே மாற்றுவதானால் காரின் முகப்பில் அதற்கென்றே விட்ட துளை வழியாக முழுதாக உருவி எடுக்கலாம், ஆலையில் யோசித்திருக்கிறார்கள். புஷ்ஷுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் டனலுக்குள் பெட்ரோல் குழாயும் போகிறது. சிகரெட்டும் பொறி பறக்கும் கருவியும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

பழைய புஷ் பெரும்பாலும் துண்டுதுண்டாகத்தான் வரும். பழுப்பேறி, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும். புது புஷ் வளையத்துக்குள் எளிதில் போகாது. பார்க்க முடியாத இடத்தில், இரண்டு விரல் மட்டும் நுழையும் துளையில், விறைப்பான பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டுவதுதான் இந்த வேலையின் மொத்தக் கஷ்டமும். கொதிக்கக் காய்ந்த நீரில் புஷ்ஷை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் சாதுவாகிவிடும். உலர்ந்த நைலானில் சுமார் 50 டிகிரிக்கு மேல் மூலக்கூறுச் சங்கிலிகளின் ஒழுங்கற்ற பகுதிகள் இறுக்கம் தளர்ந்து நெளியத் தொடங்கும். கண்ணாடி போன்ற விறைப்புப் போய்த் தோல் போன்ற இணக்கம் வரும். ஆறினால் பழையபடி இறுகும். புஷ்ஷைச் சுற்றி ஒரு கம்பி வளையமும் வரும், அது கிலுகிலுப்பைச் சத்தத்தைத் தடுப்பதற்கு. வேலை முடிந்து கையில் அது மிச்சமிருந்தால் மறுபடி கழற்றத்தான் வேண்டும். கிரீஸைக் கொஞ்சமாக, சுத்தமாகத் தடவி, ராடை உள்ளே விட்டு, போல்ட்டை முடுக்கி, கம்பி கட்டி, லிவரைத் திருப்பிப் பொருத்தலாம். அதன் போல்ட்டுத் துளைகள் சற்று நீளமானவை. நான்கு கியரும் விழுந்து, ரிவர்ஸ் அழுத்தினால் மட்டும் விழும்வரை, லிவரின் பாதத்தை நூலளவு நகர்த்தி நகர்த்திப் பார்த்து முடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போகும் பழைய ஓட்டுநர், முதல் திருப்பத்திலேயே கியரைத் தவறவிடுகிறார். புஷ் ஒரே நாளில் தேயவில்லை. பல ஆண்டுகளாக, மாதம் மயிரிழை அளவில் ஆட்டம் கூடியபோதெல்லாம் அவர் கையும் அவர் அறியாமல் அந்த அளவுக்கு அதிகமாகத் தள்ளக் கற்றுக்கொண்டது. பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் பட்டகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருளைத் தொடச் சொன்னால் கை முதலில் தவறும், பிறகு பழகிவிடும், கண்ணாடியைக் கழற்றியதும் எதிர்ப்பக்கம் தவறும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கவனித்திருக்கிறார். இங்கே கழன்றது அந்த 8 மில்லிமீட்டர். புது புஷ் மறுக்கும் இடத்திலும் கை பழைய எல்லைவரை போக முயல்கிறது. "புஷ் போட்டதிலிருந்து கியர் டைட்டா இருக்கே" என்று அவர் பட்டறைக்குத் திரும்பி வருவார். மெக்கானிக் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிட்டு வாங்க அண்ணே என்று சாவியைக் கொடுத்துவிடுவார்.